எண்ணெய்க் கை, வாசகர் கேள்வி பதில்: 5900-ஐத் தொட்டால் மட்டும் மிஸ் அடிக்கும் ரோட்டரி

இந்த மாதம் என்ன ராசியோ, மூன்று கடிதமும் ரோட்டரி எஞ்சினைப் பற்றியே வந்திருக்கின்றன. முதல் கடிதம் நீளம், பதில் அதைவிட நீளம். மற்ற இரண்டுக்கும் மீந்த இடம்தான், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: ஐயா, வணக்கம். என் மச்சான் பெர்த் பக்கம் இருக்கிறார். ஐந்து வருஷமாகக் கொட்டகையே கதி என்று கிடந்து, இரண்டு பேர் உட்காரும் விமானம் ஒன்றைத் தானே கட்டி முடித்துவிட்டார். மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் 13பி ரோட்டரி எஞ்சின் (பிஸ்டனுக்குப் பதில் சுற்றும் ரோட்டர் இரண்டு), 2.85-க்கு 1 கியர்பாக்ஸ், கோணம் மாற்ற முடியாத மர புரொப்பெல்லர். தரையில் கட்டிப்போட்டு முழு த்ராட்டில் கொடுத்தால் 5300 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று), பட்டு மாதிரி ஓடுகிறது. மேலே போய் நேராகப் பறக்கும்போது 5900-ஐத் தொட்டதும் தடதடவென்று மிஸ் அடிக்கிறது, த்ராட்டிலைக் கொஞ்சம் இழுத்தால் சரியாகிவிடுகிறது. மிஸ் அடிக்கும்போது எக்ஸாஸ்ட் வெப்பம் இரண்டு ரோட்டருக்கும் சேர்ந்தே ஏறுகிறது. ஆக்ஸிஜன் சென்சார் பெட்ரோல் போதவில்லை என்று காட்டியதால் பெட்ரோலைக் கூட்டிப் பார்த்தார், இன்னும் மோசம். ஒரு நாள் இரண்டாவது பம்பையும் போட்டு, லேண்டிங் லைட்டும் எரிய, வோல்ட் மீட்டர் 13.9-லிருந்து 13.1-க்கு இறங்கியிருந்தது, அன்றைக்கு 5600-லேயே ஆரம்பித்துவிட்டது. பிளக் மூன்று செட் மாற்றியாயிற்று. ரோட்டருக்கு இரண்டு பிளக். முதலில் அடிக்கும் லீடிங் பிளக் இரண்டுக்கும் சேர்த்து, பொறிக்கு வோல்டேஜை ஏற்றித் தரும் காயில் ஒன்றே ஒன்று, சற்றுப் பின்னால் அடிக்கும் டிரெயிலிங் பிளக்குகளுக்குத் தனித்தனிக் காயில். குளிர்காலத்தில் ஸ்டார்ட் ஆக மறுத்தது என்று காயில் சார்ஜ் ஆகும் நேரத்தை 4.2 மில்லிசெகண்டாகக் கூட்டி வைத்தாராம், இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா தெரியவில்லை. ஸ்கூல் லீவுக்குப் பிள்ளைகளோடு போகிறேன். நல்ல பிளக் நாலு வாங்கிப் போகட்டுமா?
— வாசகர், ஈசூன்

பதில்: பிளக் வாங்காதீர்கள் தம்பி. கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, 4.2 மில்லிசெகண்ட் என்று, என் பந்தயம் அதன் மேல்தான். ஆனால் அதை நம்பி மட்டும் எழுதவில்லை. கடிதத்தில் இருக்கும் மற்ற அடையாளங்களும் ஒவ்வொன்றாக அங்கேதான் கொண்டுபோய் விடுகின்றன.

முதலில், தரையில் ஏன் வரவில்லை? நின்ற இடத்தில் காற்று புரொப்பெல்லரை முழுப் பலத்தோடு எதிர்க்கிறது, அதனால் எஞ்சின் 5300-க்கு மேல் ஏறவே முடியாது. பறக்கும்போது எதிர்க்காற்று அந்தச் சுமையைக் குறைக்கும், 5900 வரும். ஆக, மச்சான் தரையில் எத்தனை மணி நேரம் ஓட்டிப் பார்த்தாலும், நோய் இருக்கும் வேகத்துக்கு எஞ்சின் போவதே இல்லை. இந்த இடத்தில் நானும் சறுக்கியிருக்கிறேன். பல வருஷத்துக்கு முன் சிலேத்தாரில் ஒரு டர்போ பிஸ்டன் எஞ்சின், ஆறு சிலிண்டர், உயரத்துக்குப் போனால் விக்கும், இறங்கினால் சொக்கத்தங்கம். பன்னிரண்டு பிளக்கையும் இரண்டு தடவை மாற்றினோம், பில்லைப் பார்த்து முதலாளி முகம் போன போக்கு இன்னும் மறக்கவில்லை. கடைசியில் மேக்னெட்டோவுக்கு (பேட்டரி இல்லாமலே பொறிக்கு மின்சாரம் தரும் கருவி) அழுத்தக் காற்று கொண்டுபோகும் குழாயில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெடிப்பு. மேலே காற்று மெலிந்ததும் மேக்னெட்டோவுக்கு உள்ளேயே பொறி வழி தவறிப் பாய்ந்திருக்கிறது. தரையில் அது தெரியவே தெரியாது.

இரண்டாவது, எக்ஸாஸ்ட் வெப்பம் இரண்டு ரோட்டருக்கும் சேர்ந்து ஏறுகிறது. பிளக்கோ பிளக் வயரோ கெட்டிருந்தால் ஒரு ரோட்டர்தான் முறைத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே நேரத்தில் முறைத்தால் இரண்டுக்கும் பொதுவான ஒன்றைத்தான் பிடிக்க வேண்டும். இங்கே பொதுவானவை பெட்ரோல் அழுத்தம், ஷாஃப்ட் எங்கே நிற்கிறது என்று சொல்லும் கிராங்க் சென்சார், எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரான ஈசியூ, பேட்டரி, அப்புறம் அந்த லீடிங் காயில்.

இதில் பெட்ரோலை மச்சானே தெரியாமல் தள்ளுபடி செய்துவிட்டார். பெட்ரோல் பற்றாக்குறை என்றால் இரண்டாவது பம்பைப் போட்டதும் குறைந்திருக்க வேண்டும், இங்கே மிஸ் முந்திக்கொண்டு வந்துவிட்டது. பம்பும் லைட்டும் சேர்ந்து வோல்டேஜைத்தான் இழுத்திருக்கின்றன. வோல்டேஜ் இறங்கினால் பெரும்பாலான ஈசியூக்கள் காயிலின் சார்ஜ் நேரத்தைத் தானாகவே கூட்டும், காயில் நிரம்ப வேண்டுமே என்ற நல்லெண்ணத்தில். 4.2 என்று இருந்தது அன்றைக்கு 4.5 பக்கம் போயிருக்கும்.

சரி, கூட்டினால் என்ன கெட்டுப்போகிறது? இங்கேதான் ரோட்டரியின் கணக்கைப் பார்க்க வேண்டும். ரோட்டர் ஒரு சுற்று சுற்றுவதற்குள் நடுவில் இருக்கும் ஷாஃப்ட் மூன்று சுற்று சுற்றிவிடும். ரோட்டருக்கு முகம் மூன்று, ஆகவே ஷாஃப்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு ரோட்டரும் ஒரு முறை வெடிக்கிறது. நாம் வழக்கமாக ஓட்டும் கார் எஞ்சினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிக்கும். அதாவது அதே ஆர்பிஎம்மில் ரோட்டரியின் பிளக்குக்கு இரட்டிப்பு வேலை. அதிலும் உங்கள் மச்சான் லீடிங் பிளக் இரண்டுக்கும் ஒரே காயிலை வைத்திருக்கிறார். அந்தக் காயில் இரண்டு பிளக்கையும் சேர்த்தே அடிக்கும், ஒன்று வேலைக்கு, இன்னொன்று வீணுக்கு, அடுத்த அரைச் சுற்றில் மாறிக்கொள்ளும். ஆக ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை அந்தக் காயில் நிரம்பிக் காலியாக வேண்டும்.

5300-ல் கணக்குப் போடுங்கள். ஒரு பொறிக்கும் அடுத்த பொறிக்கும் நடுவே 5.66 மில்லிசெகண்ட். சார்ஜுக்கு 4.2 போனால் பொறி எரிய மீதி 1.46. பரவாயில்லை, போதும். 5900-ல் இடைவெளி 5.08, மீதி 0.88. பொறி ஒழுங்காக எரிய ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்டாவது வேண்டும், அது இல்லை. இப்போது அந்த லேண்டிங் லைட் நாளைப் பாருங்கள். 5600-ல் இடைவெளி 5.36, சார்ஜ் 4.5, மீதி 0.86. இரண்டு நாளும் வேறு வேறு ஆர்பிஎம், ஆனால் மிச்சமிருந்த நேரம் கிட்டத்தட்ட ஒன்றுதான். 4.5 என்பது என் ஊகம்தான், ஈசியூவில் மச்சானின் அட்டவணையைத் திறந்து பார்த்தால் சரியான எண் தெரிந்துவிடும். ஆனாலும் இவ்வளவு பொருந்தி வரும்போது நான் வேறு இடத்தில் போய்த் தேடமாட்டேன்.

நம் கோப்பிக்கடையில் தே தாரிக் ஆற்றுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். மேல் குவளை முழுதும் கீழே இறங்கினால்தான் அடுத்த வீச்சு. பாதி இறங்கும்போதே குவளையை நிமிர்த்தினால் நுரை வராது. காயிலும் அப்படித்தான், பொறி பாதி எரிந்துகொண்டிருக்கும்போதே ஈசியூ அடுத்த சார்ஜை ஆரம்பித்துவிடுகிறது, பொறி அறுந்துபோகிறது. போதாததற்கு ஐந்து மில்லிசெகண்டில் நாலேகால் நேரம் கரண்ட் குடித்துக்கொண்டே இருக்கும் காயில் கொதிக்கும், கொதித்தால் அதன் ரெசிஸ்டன்ஸ் ஏறும், பொறி இன்னும் மெலியும்.

எஞ்சின் ஒரேயடியாக நின்றுபோகாமல் தடதடப்பதற்கும் காரணம் இருக்கிறது. டிரெயிலிங் பிளக்குகளுக்குத் தனித்தனிக் காயில் என்பதால் அவற்றுக்கு 5900-லும் பத்து மில்லிசெகண்ட் கிடைக்கிறது, அவை ஒழுங்காகவே அடிக்கின்றன. டிரெயிலிங் மட்டும் அடித்தால் கலவை தாமதமாகத்தான் எரிந்து முடியும், சூடு எக்ஸாஸ்டுக்குப் போகும், பலம் குறையும். நீங்கள் பார்த்த வெப்ப ஏற்றம் அதுதான்.

ஆக்ஸிஜன் சென்சார் விஷயத்தில் மச்சான் ஏமாந்ததற்கு அவரைக் குறை சொல்ல மாட்டேன், பெரிய பெரிய மெக்கானிக்கே விழும் பள்ளம் அது. எரியாமல் போன கலவையில் பெட்ரோலும் மிச்சம், ஆக்ஸிஜனும் மிச்சம். சென்சாருக்குத் தெரிவது ஆக்ஸிஜன் ஒன்றுதான், உடனே பெட்ரோல் குறைவு என்று கத்தும். அதை நம்பிப் பெட்ரோலை ஊற்றினால் ஏற்கெனவே நோஞ்சானாக இருக்கும் பொறி இன்னும் திணறும். மிஸ் அடிக்கும் நேரத்தில் அந்த மீட்டரைப் பார்க்கவே கூடாது. பழைய பெட்ரோல் மேப்பை (எந்த வேகத்துக்கு எவ்வளவு பெட்ரோல் என்ற அட்டவணை) அவர் சேமித்து வைத்திருந்தால் அதற்கே திரும்பச் சொல்லுங்கள். திரும்பும்போது அவசரத்தில் அளவுக்கு மீறிக் குறைத்துவிடாமல் பார்க்கச் சொல்லுங்கள், ரோட்டரி நாக்கிங்கை (கலவை தானாக வெடித்து அடிப்பதை) தாங்காது, அப்படி ஒரே ஓர் அடியில் ரோட்டரின் முனையில் இருக்கும் சீல் உடைந்தால் அப்புறம் எஞ்சினைப் பிரிப்பதைத் தவிர வழி இல்லை.

இனி, எதை எடுத்துப் போவது? சிம் லிம் டவருக்குப் போங்கள், பக்கத்தில் இருக்கும் ஸ்குவேருக்கு இல்லை, டவருக்கு. டிசி கரண்ட்டை வயரை அறுக்காமல் கவ்வி அளக்கும் கிளாம்ப் ஒன்று, அதைப் பொருத்த, மின்சாரம் ஏறி இறங்குவதை லேப்டாப்பில் கோடாகக் காட்டும் சின்ன ஆஸிலோஸ்கோப் ஒன்று வாங்குங்கள். மூன்று செட் பிளக் வாங்கிய ஆளுக்கு இது பெரிய செலவு இல்லை.

மச்சானிடம் இருப்பது 1986-க்கும் 91-க்கும் இடையில் வந்த ஆர்எக்ஸ்-7 எஞ்சின் என்றால் ஒரு வசதி உண்டு. டிஸ்ட்ரிபியூட்டர் மாதிரி நிமிர்ந்து நிற்கும் கிராங்க் ஆங்கிள் சென்சாரைக் கழற்றி எடுக்கலாம். கழற்றும் முன் உடம்பிலும் தண்டிலும் மார்க் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் திரும்ப மாட்டும்போது டைமிங் போய்விடும். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் மின் இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள். நாலு ஸ்பார்க் பிளக்கையும் வெளியே எடுத்து, எஞ்சின் துளைகளைத் துணியால் அடைத்து, பெட்ரோல் வாடையே இல்லாத தூரத்தில் பிளக்குகளின் உடம்பை எர்த்தோடு நன்றாகக் கட்டிவையுங்கள். பிறகு சென்சாரின் தண்டை டிரில்லில் மாட்டிச் சுற்றுங்கள். எஞ்சின் நிற்கும், புரொப்பெல்லர் நிற்கும், ஆனால் ஈசியூ தான் 6000-ல் ஓடுவதாக நினைத்துக் காயிலை அடிக்கும். லேப்டாப்பில் ஆர்பிஎம்மைப் பார்த்துக்கொண்டே மெல்ல ஏற்றுங்கள்.

கிளாம்ப் லீடிங் காயிலின் பாஸிட்டிவ் வயரில் இருக்கட்டும். ஒவ்வொரு சார்ஜும் சாய்வான கோடாக ஏறி, சட்டென்று கீழே விழும். குறைந்த வேகத்தில் அந்தக் கோடு பூஜ்யத்திலிருந்து கிளம்பும். 5800, 5900 நெருங்கும்போது பூஜ்யத்திலிருந்து கிளம்பாமல், முதலிலேயே ஒரு படி தாவி நின்று அங்கிருந்து சாய்ந்து ஏறினால் தீர்ந்தது கதை, முந்தின பொறி முடியும் முன்னே சார்ஜ் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். ஒரு எச்சரிக்கை, வெளியே காற்றில் பொறி தடிமனாக, நீலமாக, அழகாகத்தான் தெரியும். அமுக்கப்பட்ட கலவைக்குள் பாய அதைவிட நிறைய வோல்டேஜ் வேண்டும். அதனால் பொறியைப் பார்த்து மயங்காதீர்கள், கோட்டைப் பாருங்கள்.

அதே கோட்டில்தான் மருந்தும் இருக்கிறது. கோடு சாய்வாக ஏறி ஓர் இடத்தில் வளைந்து தட்டையாகும். தட்டையான பிறகு கொடுக்கும் நேரமெல்லாம் வெறும் சூடு. வளைவுக்குக் கொஞ்சம் முன்னால் எத்தனை மில்லிசெகண்ட் என்று பார்த்து அதையே வையுங்கள், 3-க்குப் பக்கத்தில் வரும் என்று நினைக்கிறேன். அப்போது 5900-ல் பொறிக்கு இரண்டு மில்லிசெகண்டுக்கு மேல் கிடைக்கும். குளிரில் ஸ்டார்ட் ஆகாததற்கு இந்த எண்ணை எல்லா வேகத்துக்கும் கூட்டியிருக்கத் தேவையில்லை. ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரி பத்து வோல்ட்டுக்கு இறங்கும், அட்டவணையில் அந்தக் கட்டத்தில் மட்டும் கூட்டினால் போதும். இன்னும் மனசு கேட்கவில்லை என்றால் லீடிங் பிளக்குக்கும் ஆளுக்கொரு காயில் போட்டுவிடலாம், நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன். காரில் ஒரு காயில் போனால் ஓரமாக நிறுத்திக்கொள்ளலாம், மேலே அது முடியாதே.

13.1 வோல்ட்டையும் விட்டுவிடாதீர்கள். ஒரு பம்பும் ஒரு லைட்டும் போட்டதற்கு முக்கால் வோல்ட் இறங்குவது ஆல்டர்னேட்டருக்கு அழகில்லை. பெல்ட், எர்த் வயர், இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இதையெல்லாம் செய்தும் மிஸ் போகவில்லை என்றால் அடுத்த சந்தேகம் கிராங்க் சென்சாரின் வயர். காயில் வயரோடு ஒரே கட்டாகக் கட்டியிருந்தால் வேகம் ஏற ஏற அதில் இரைச்சல் புகும், ஈசியூவின் பதிவில் ஆர்பிஎம் கோடு முள் முள்ளாகக் குத்திக்கொண்டு நிற்கும். ஈயம் கலந்த அவ்காஸ் (விமானப் பெட்ரோல்) போட்டு ஓட்டினால் பிளக்கில் ஈயம் படிவதும் உண்டு, ஆறியிருக்கும்போது சாதுவாக இருந்துவிட்டு, சூடேறினால் மின்சாரத்தைக் கசியவிடும். ஆனால் மூன்று செட் மாற்றியும் அதே 5900 என்றால் அது இல்லை.

சரிசெய்யும்வரை 5500-ஐத் தாண்டக் கூடாது. சரிசெய்த பிறகு முதல் தடவை மேலே போகும்போது மச்சான் தனியாகப் போகட்டும், ஓடுபாதைக்கு நேர் மேலேயே சுற்றட்டும். நீங்கள் பிள்ளைகளோடு கீழே நின்று கையசையுங்கள்.

கேள்வி: ஐயா, எங்கள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் ஆளில்லா விமானத்துக்கான ஒற்றை ரோட்டர் எஞ்சின் ஒன்று பயிற்சிக்கு இருக்கிறது. உச்ச வேகத்தில் விக்குகிறது. ரெசிஸ்டர் இல்லாத பிளக் போட்டால் பொறி பலமாகும் என்று சீனியர் சொல்கிறார். போடலாமா?
— மாணவி, கிளமெண்டி

பதில்: வேண்டாம்மா. பிளக்குக்குள் இருக்கும் ரெசிஸ்டர் சில ஆயிரம் ஓம். பொறி பாயும் முன் அந்த இடைவெளியில் இருக்கும் காற்றின் தடைக்கு முன்னால் அது தூசு, அதை எடுப்பதால் பொறி பாய்வது சுலபமாகிவிடாது. எடுத்தால் கிடைப்பது ரேடியோ இரைச்சல். ஆளே இல்லாமல் ரேடியோவை நம்பிப் பறக்கும் பொருளில் அதைக் கொண்டுவந்து வைப்பானேன்? அந்த இரைச்சல் சென்சார் வயரில் ஏறினால் இப்போதைய விக்கல் இரண்டு விக்கலாகும். சரிசெய்யக்கூடிய பிளக்காக இருந்தால் இடைவெளியைக் கொஞ்சம் குறைத்து ஓட்டிப் பாருங்கள். விக்கல் மேலே தள்ளிப்போனால் காயில் பலம் போதவில்லை என்று தெரிந்துவிடும், அப்புறம் முதல் கடிதத்தின் பதிலைப் படியுங்கள். சீனியரிடமும் கொடுங்கள்.

கேள்வி: சிங்கப்பூரில் முதன்முதலாகப் பறந்த விமானத்திலும் ரோட்டரி எஞ்சின்தான் என்று பேரன் சொல்கிறான். மாஸ்டா அப்போதே இருந்ததா என்று கேட்டேன், சிரிக்கிறான். விளக்கவும்.
— வாசகர், தோ பாயோ

பதில்: பேரன் சொன்னதும் சரி, சிரித்ததும் சரி. 1911 மார்ச் 16-ஆம் தேதி பெல்ஜியக்காரர் ஜோசஃப் கிறிஸ்டியான்ஸ் பறந்தார், இடம் ஃபேரர் பார்க்கில் இருந்த பழைய குதிரைப் பந்தயத் திடல். தேக்காவிலிருந்து நடந்து போகிற தூரம்தான். விமானம் பிரிஸ்டல் பாக்ஸ்கைட். அந்த வகையில் பெரும்பாலும் 50 குதிரைத்திறன் கொண்ட நோம் எஞ்சினைத்தான் வைப்பார்கள், அதைத்தான் அந்தக் காலத்தில் ரோட்டரி என்றார்கள். மாஸ்டா கார்களில் வரும் ரோட்டரி வேறு ஜாதி, ஜெர்மனியில் ஃபெலிக்ஸ் வாங்கலின் யோசனையில் பிறந்தது, முதல் எஞ்சின் ஓடியதே 1957-ல்தான். பெயர் மட்டும் ஒன்று.

நோமில் சாதாரண சிலிண்டர், சாதாரண பிஸ்டன். கூத்து என்னவென்றால் கிராங்க் ஷாஃப்ட் விமானத்தோடு அசையாமல் கட்டப்பட்டிருக்கும், ஏழு சிலிண்டரும் புரொப்பெல்லரும் சேர்ந்து சுற்றும். சிலிண்டரே காற்றில் சுற்றுவதால் மெதுவாகப் போகும் விமானத்திலும் நன்றாக ஆறிவிடும். சுற்றிக்கொண்டிருக்கும் பிளக்குக்கு மின்சாரம் எப்படிப் போகும் என்று பேரன் கேட்பான். ஒரே ஒரு மேக்னெட்டோ, எஞ்சினோடு சுற்றும் வட்டத் தட்டில் அது உரசும், தட்டிலிருந்து ஒவ்வொரு பிளக்குக்கும் உறையே போடாத வெறும் பித்தளைக் கம்பி. 1200 ஆர்பிஎம்மில் வினாடிக்கு 70 பொறி. முதல் கடிதத்தில் வந்த லீடிங் காயில் 5900-ல் கிட்டத்தட்ட 197 அடிக்க வேண்டும், ஆகவே நோமின் மேக்னெட்டோவுக்கு நேரத்துக்குப் பஞ்சமே கிடையாது.

மசகுக்கு விளக்கெண்ணெய் ஊற்றினார்கள், பெட்ரோலில் அவ்வளவாகக் கரையாது என்பதால். எஞ்சின் மூக்கில் இருக்கும் விமானங்களில் எரிந்ததும் எரியாததுமாக அது பின்னால் உட்கார்ந்திருப்பவர் மேலேயே தெறிக்கும். இன்னொன்று, அந்த எஞ்சின்களில் இப்போது நாம் நினைக்கிற மாதிரி த்ராட்டில் கிடையாது. இறங்க வேண்டுமென்றால் ஓட்டுகிறவர் ஒரு பொத்தானை அமுக்கிப் பொறியை நிறுத்துவார், விடுவார், மறுபடி அமுக்குவார். ஈசூன் தம்பியின் மச்சான் தலையைப் பிய்த்துக்கொள்ளும் அதே மிஸ்ஸை அவர்கள் வேண்டுமென்றே அடிக்கவிட்டுத்தான் திடலில் இறங்கினார்கள்.